மாருதி எஸ்டீம் கார்: தப்பான கியர் விழுந்ததுல இருந்து டிக் டிக் சத்தம், அவசரம்

கோவை_எஸ்டீம்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஞாயித்துக்கிழமை செட்டிபாளையம் ட்ராக்ல ஓட்டுறப்போ கியர் தப்பா விழுந்து எஞ்சின் அலறிருச்சு. உடனே கிளட்ச் மிதிச்சுட்டேன். அதுல இருந்து ஐடில்ல நடுங்குது, மேல டிக் டிக்னு சத்தம். வீடு வரைக்கும் ஓட்டியே வந்துட்டேன். ஈசியூ (எஞ்சினோட கம்ப்யூட்டர்) மாத்தினதுதான், ஆனா அதுல ரெவ் லிமிட்டர் (எஞ்சின் சுத்து அளவு மீறாம தடுக்குறது) இருக்குறப்போ எப்படி அடி வாங்கும்? டேப்பட் (வால்வு இடைவெளி) செட் பண்ணா போதுமா? நாளைக்கு ஊருக்குப் போகணும்.

மணி_லேத்:
8 வால்வா 16 வால்வா? என்னென்ன மாத்தியிருக்கீங்க? எந்த கியர்ல இருந்து எதுக்கு விழுந்துச்சு, அப்போ ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) எவ்வளவு? இதெல்லாம் சொல்லாம யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க.

சாலைப்புழுதி:
ஆயில் என்ன ஊத்தியிருக்கீங்க? ட்ராக் சூட்டுல ஆயில் தண்ணியாயிட்டா மேல சத்தம் வரும். கெட்டி ஆயில் ஊத்திப் பாருங்க.

முத்து_டர்போ:
தம்பி, லிமிட்டர்னா என்னன்னே தெரியாம ஈசியூ மாத்துறீங்க. அது பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ நிறுத்தும், அவ்வளவுதான். கியர் தப்பா விழுந்தா எஞ்சினைச் சுத்துறது பெட்ரோல் இல்ல, சக்கரம். வண்டியோட மொத்த எடையும் தள்ளுறப்போ லிமிட்டர் என்ன பண்ணும்? முதல்ல அடிப்படையைப் படிச்சுட்டு வாங்க.

கோவை_எஸ்டீம்:
16 வால்வுங்க. கேம் (வால்வைத் திறக்குற தண்டு) மாத்தியிருக்கு, ஹெட் ஃபேசிங் (அடிப்பக்கம் அரைக்குறது) பண்ணியிருக்கு, லிமிட்டர் 7200. ராடு (பிஸ்டனைக் கிராங்க்கோட இணைக்குறது), பிஸ்டன், வால்வு ஸ்பிரிங் எல்லாம் கம்பெனிது. 5ல 4000 இருந்துச்சு, 4க்கு இழுத்தேன், 2ல போய் உக்காந்துருச்சு.

மணி_லேத்:
இதைத்தான் முதல்லயே கேட்டேன். அதே வேகத்துல 2வது கியர்ல எஞ்சின் 5வதைவிட கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு சுத்தும். அப்போ 4000 அப்படியே 10,000 பக்கம் போகும். நீங்க சீக்கிரம் மிதிச்சிருந்தா கொஞ்சம் குறைஞ்சிருக்கும். ராடு போல்ட்டுல விழுற இழுப்பு ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும். 7200க்கும் 10,000க்கும் கிட்டத்தட்ட ரெட்டிப்பு. அந்த வேகத்துல கம்பெனி ஸ்பிரிங்கால வால்வை நேரத்துக்கு மூட முடியாது. எக்ஸாஸ்ட் (புகை வெளிய போறது) முடியுற நேரம் பிஸ்டன் மேல வரும், வால்வு இன்னும் கீழ தொங்கிட்டு இருக்கும், ரெண்டும் மோதிக்கும். ஹெட் அரைச்சு, கேமும் மாத்தினதுல நடுவுல இருந்த இடைவெளியும் குறைஞ்சு போச்சு. டேப்பட்டைத் தொடாதீங்க, வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க.

ரெட்லைன்_ராசு:
ரொம்ப பயமுறுத்தாதீங்கண்ணா. 2013 வரைக்கும் இருந்த வி8 எஃப்1 ரேஸ் வண்டி 18,000 சுத்துச்சு, ஒண்ணும் ஆகலையே. ஒரு செகண்டு 10,000 போனா என்ன?

முத்து_டர்போ:
ஆர்பிஎம்மை மட்டும் பார்த்துப் பேசக் கூடாது. அந்த 2.4 லிட்டர் வி8 எஃப்1 எஞ்சினோட ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) சுமார் 40 மி.மீ. எஸ்டீம் 1.3ல 75.5. கணக்குப் போட்டா அங்க 18,000ல பிஸ்டனோட சராசரி வேகம் செகண்டுக்கு 24 மீட்டர், இங்க 10,000ல 25 மீட்டர். அங்க வால்வை மூடுறதுக்குக் கம்பிச் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது, அழுத்தின காத்துதான். தம்பியோட வண்டில குடும்பக் காரோட ராடு.

ரெட்லைன்_ராசு:
சரி, ஆனா என் பழைய மாருதி ஜென் 8000 வரைக்கும் தினமும் போகும்.

முத்து_டர்போ:
அதுல ஸ்பிரிங் மாத்தியிருந்ததா இல்லையா? அதைச் சொல்லாம பேசாதீங்க.

மணி_லேத்:
உங்க சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். எஸ்டீம் தம்பி, நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் (உள்ள வர்ற அழுத்தம்) பாருங்க. எது குறையுதோ அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினா பிஸ்டன் ரிங், ஏறலைன்னா பெரும்பாலும் வால்வு. ஆயிலை இறக்கி ஃபில்டரை அறுத்துப் பாருங்க, உள்ள மினுமினுன்னு தூள் இருந்தா பேரிங் போகுது. டிக் டிக் மேல இருந்து வரும். கீழ இருந்து டொக் டொக்னு கனமா வந்தா அது ராடு பேரிங்.

கோவை_எஸ்டீம்:
பார்த்தாச்சுங்க. 185, 180, 60, 185 பிஎஸ்ஐ. 3ல ஆயில் விட்டும் ஏறலை. ஃபில்டர்ல ஒண்ணும் இல்ல. ஹெட் இறக்குறோம்.

கோவை_எஸ்டீம்:
3வதுல எக்ஸாஸ்ட் வால்வு ரெண்டும் வளைஞ்சிருக்கு. பிஸ்டன் மேல பிறை மாதிரி ரெண்டு தடம். வால்வும் கெட்டி ஸ்பிரிங்கும் ஆர்டர் சொல்லியாச்சு. ஊருக்கு பஸ்ல போறேன். ரொம்ப நன்றிங்க.

மணி_லேத்:
ஹெட்டோட விட்டுறாதீங்க. சம்ப்பை (அடில இருக்குற ஆயில் தொட்டி) கழட்டி நாலு ராடோட எல்லா போல்ட்டும் புதுசு போடுங்க, இழுபட்ட போல்ட்டு கண்ணுக்குத் தெரியாது. பேரிங்கையும் பார்த்துருங்க. சம்ப் கழட்டினீங்களா?

சாலைப்புழுதி:
ரெண்டு வாரம் ஆச்சு. தம்பி, வண்டி ஓடுதா?