சிசேரியன் ஆனவங்க எழுதுங்க: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

அம்மாப்பேட்டையிலிருந்து

டிவியில சிசேரியன் ரெண்டே விதமாத்தான் வருது. சீரியல்னா, டாக்டர் தியேட்டர் கதவைத் திறந்துட்டு வந்து "தாயா பிள்ளையா, யாராச்சும் ஒருத்தரைத்தான் காப்பாத்த முடியும்"பாங்க. அதையும் புருஷன்கிட்டத்தான் கேப்பாங்க. விவாத மேடைன்னா, "காசுக்காக வயித்தைக் கிழிக்கிறாங்க"ன்னு நாலு பேர் கத்துவாங்க. அந்த நாலு பேர்ல தையல் போட்டுக்கிட்ட ஒருத்தியையும் நான் பார்த்ததில்ல. நம்ம ஊர்ப் பக்கம் நிஜமா என்ன நடந்துச்சுன்னு நாமளே எழுதி வைப்போம். மொதல்ல என்னோடது.

தலைப்பிரசவம். வலி இன்னும் வரல. செக்கப்புக்குப் போன இடத்துல, "தண்ணி கம்மியா இருக்கு, இன்னைக்கே எடுத்துடலாம்"னாங்க. எவ்வளவு கம்மின்னு எங்கம்மா கேட்டதுக்கு, "குழந்தைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?"ன்னு பதில் வந்துச்சு. அதுக்கு மேல யாருக்கு வாய் வரும்? கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டோம்.

முதுகுல ஊசி போட்டு, ரெண்டு கையையும் பலகையில நீட்டி வெச்சு, நெஞ்சுக்கு மேல பச்சைத் துணி கட்டினாங்க. வலியில்ல. ஆனா உள்ள கையை விட்டு இழுக்கறது நல்லாவே தெரியுது. திடீர்னு பல்லு கிட்டி, உடம்பு தூக்கித் தூக்கிப் போட ஆரம்பிச்சுடுச்சு. சாகப்போறேன்னே நினைச்சேன். டாக்டருங்க யார் வீட்டுக் கல்யாணத்தையோ பேசிட்டிருந்தாங்க. "ஊசி போட்டா இப்படி நடுக்கம் வரும், பயப்படாதம்மா"ன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாப்பாவை என் கன்னத்துல ஒரு தடவை ஒத்தி எடுத்துட்டுப் போனாங்க. அந்தச் சூடு மட்டும் மறக்கவே மறக்காது.

வீட்டுக்கு வந்து ஃபைலைப் பிரிச்சா, ஸ்கேன் ரிப்போர்ட்ல தண்ணி அளவு 9 சென்டிமீட்டர்னு இருக்கு. 5-க்குக் கீழ போனாத்தான் கம்மிங்கறாங்க. ஆபரேஷன் மேல எனக்குக் கோவமில்லைங்க. என் உடம்பைப் பத்தின கணக்கை என்கிட்டயே சொல்லல பாருங்க, அதுதான் இன்னும் ஆறல.

ஏற்காடு மலையிலிருந்து

அக்கா, நீங்க எழுதினது ஞாயம். ஆம்பளை இங்க எழுதலாமான்னு யோசிச்சேன், எங்க வீட்லதான் எழுதச் சொன்னாங்க. எங்களுக்கு நாகலூர் பக்கம், காப்பி எஸ்டேட் வேலை.

விடியக்காலைல அவளுக்குத் தண்ணிக்குடம் உடைஞ்சுடுச்சு. தண்ணி பச்சையா இருந்துச்சு. சுகாதார நிலையத்துல சிஸ்டர் துணியைப் பார்த்த மாத்திரத்துல 108-க்குப் போன் போட்டுட்டாங்க. குழந்தை உள்ளயே மலம் போயிருச்சு, துடிப்பும் இறங்குது, உடனே சேலம் போகணும்னாங்க. மலையை விட்டு எறங்கணும்னா 20 கொண்டை ஊசி வளைவு. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாங்க. வண்டி திரும்பற ஒவ்வொரு வளைவுலயும் அவ உருண்டுடாம இருக்க, நானும் எங்கத்தையும் முட்டி போட்டு முட்டுக் குடுத்துட்டே வந்தோம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வண்டியில இருந்த தம்பி துடிப்பைக் கேப்பாப்ல. அவர் மூஞ்சியத்தான் நான் பார்த்துட்டே இருப்பேன்.

ஜிஹெச்சுல எறக்கினதும் நேரா தியேட்டர்தான். பாப்பா பொறந்ததும் அழல. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அழுதுச்சாம். இப்ப யூகேஜி படிக்குது.

"மலைப்பாதையில் ஆம்புலன்ஸில் சுகப்பிரசவம்"னு பேப்பர்ல போட்டோவோட போடறாங்க. வண்டியில பிரசவம் பார்க்கறவங்களைக் கையெடுத்துக் கும்பிடணும், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா ஒரு பொம்பளை பாதி மலையில புள்ள பெக்க வேண்டி வந்தது ஏன்னு அந்தச் செய்தியில ஒரு வரி இருக்காது. ஆபரேஷன் அதிகமாயிடுச்சு அதிகமாயிடுச்சுன்னு டிவியில பேசறாங்க. எங்க சனத்துக்கு அது நேரத்துக்குக் கிடைக்குமாங்கறதுதான் பயம்.

ஓமலூரிலிருந்து

எனக்கு ரெண்டுமே சிசேரியன். ஒரு விசேஷத்துல, பந்தியில வெச்சு எங்க நங்கையா "நோகாம பெத்தவ நீ"ன்னுட்டாங்க. தும்மல் வந்தா தலகாணியை வயித்துல அழுத்திப் புடிச்சுட்டுத் தும்மினவ நான். கட்டில்ல இருந்து எந்திரிக்க, பக்கவாட்டுல திரும்பி, கையை ஊனி, காலைத் தொங்கப் போட்டு, அப்புறம் மூச்சைப் புடிச்சுட்டு நிமிரணும். சினிமாவுல ஒரு கத்து, ஒரு அழுகைச் சத்தம், அடுத்த சீன்ல தலை நிறைய பூ வெச்சுட்டுச் சிரிக்கறாங்க. அதைப் பார்த்தே வளர்ந்தவங்களுக்கு என் வலி எப்படித் தெரியும்?

ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்

எல்லாத்தையும் படிச்சேன் கண்ணுகளா. மனசு கனத்துப் போச்சு. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல, 2015-16-ல தமிழ்நாட்டுப் பிரசவங்கள்ல நூத்துக்கு 34.1 சிசேரியன். 2019-21-ல அது 44.9. தனியார்ல 63.8, அரசு ஆஸ்பத்திரியில 36. இவ்வளவு வித்தியாசம் உடம்பு வாகுல மட்டும் வந்திருக்காது. அம்மாப்பேட்டைப் பொண்ணு கேக்கற கேள்வியை எல்லாரும் கேக்கணும். கேரளாவுல அதே கணக்கெடுப்புல 38.9தான். 2018-20 கணக்குப்படி பிரசவத்துல தாய் இறக்கறது அங்க லட்சத்துக்கு 19, நம்மகிட்ட 54. அதனால ஆபரேஷன் கூடக்கூட உயிர் பிழைக்கும்னு யாரும் சமாதானம் சொல்ல முடியாது.

ஆனா டிவிக்காரங்க "10-லிருந்து 15 சதவீதம் தாண்டினா தப்பு"ன்னு சொல்றாங்களே, அது உலக சுகாதார நிறுவனம் சார்பா 1985-ல வந்த கணக்கு. 2015-ல அவங்களே, சதவீதத்தைத் துரத்தாதீங்க, தேவைப்படற ஒவ்வொரு பொண்ணுக்கும் கிடைக்க வழி பண்ணுங்கன்னு சொல்லிட்டாங்க. பெரிய ஜிஹெச்சுக்குச் சுத்துப்பட்டுல இருக்கற சிக்கலான கேஸெல்லாம் வந்து சேரும். அங்க ஆபரேஷன் கூடத்தான் செய்யும். அதை வெச்சு அந்த டாக்டரைத் திட்டறது அநியாயம்.

கொடி சுத்தியிருக்குன்னு ஸ்கேன்ல சொன்னதுமே பயந்துடாதீங்க. நாலஞ்சு குழந்தையில ஒண்ணு கொடி சுத்தித்தான் பொறக்குது. அது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது. துடிப்பு இறங்கினா அது வேற பேச்சு.

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும். ஆஸ்பத்திரின்னாலே அறுப்பாங்கன்னு வீடியோ போட்டுப் பயமுறுத்தறாங்க. 2018-ல திருப்பூர்ல யூடியூப் பார்த்து வீட்டுலயே பிரசவம் பார்க்கப் போய், ஒரு பள்ளிக்கூட டீச்சர் ரத்தப்போக்குல போய்ச் சேர்ந்துட்டாங்க. அந்தச் செய்தி வந்தப்ப எனக்கு ராத்திரித் தூக்கமே இல்ல.

அம்மாப்பேட்டையிலிருந்து

சிஸ்டர், எனக்கு இப்ப ரெண்டாவது, நாலாம் மாசம். மறுபடியும் ஆபரேஷன்தானாங்க? எல்லாரும் "ஒரு தடவை அறுத்தா எப்பவும் அறுக்கணும்"கறாங்க.

ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்

அப்படி ஒரு சட்டமும் இல்ல கண்ணு. கர்ப்பப்பையில கீழ்ப்பக்கமா, குறுக்கால வெட்டியிருந்து, வேற சிக்கலும் இல்லேன்னா நார்மலுக்கு முயற்சி பண்ணலாம். முயற்சி பண்றவங்கள்ல பாதிக்கு மேல நல்லபடியா பெத்துக்கறாங்க. இருநூறுல ஒருத்தருக்குக் கர்ப்பப்பையில இருக்கற பழைய தழும்பு பிரிஞ்சு போகலாம். அதனால வீட்டுலயோ சின்ன இடத்துலயோ கூடவே கூடாது. உடனே ஆபரேஷன் பண்ண டாக்டரும் மயக்க டாக்டரும் ரத்தமும் இருக்கற இடத்துலதான் பார்க்கணும். வெளியில தெரியற தழும்பு குறுக்கால இருந்தா, உள்ளயும் அப்படித்தான்னு நினைச்சுக்காதீங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில எல்எஸ்சிஎஸ்னு, அதாவது கர்ப்பப்பையோட கீழ்ப்பகுதியில வெட்டினதுன்னு, எழுதியிருக்கான்னு பாருங்க. இல்லேன்னா அந்த ஆஸ்பத்திரியிலயே ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்குங்க. கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. மொதல் குழந்தைக்கு என்ன வயசுன்னும் எழுதுங்க, இடைவெளி பார்த்துச் சொல்றேன்.