ஆக்சிஜன் நானோபபிள் மெஷின் வாங்கலாமா? கீரை, தெலாப்பியா வளக்கறவங்க சொல்லுங்க

பட்டர்வொர்த்_தோட்டம்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி ஹைட்ரோபோனிக்ஸ்ல (மண்ணில்லாம தண்ணியில) சவி கீரை, அதான் கடுகு குடும்பத்து கீரை, போட்டிருக்கேன், பக்கத்து தொட்டியில தெலாப்பியா. மத்தியானத்துல தண்ணி வெதுவெதுன்னு ஆயிடுது, வேரு பழுப்பாகி கைல தொட்டா கொழகொழன்னு உரிஞ்சு வருது. நானோபபிள் மெஷின், அதான் தண்ணிக்குள்ள ரொம்ப ரொம்ப சின்ன குமிழியா ஆக்சிஜன விடற மெஷின், போட்டா கீரை, மீனு எல்லாம் ரெண்டு மடங்கு வளரும்னு கடையில சொல்றாங்க, வெல ஆயிரக்கணக்குல ரிங்கிட். உண்மையா?

செந்தூல்_பச்சை:
அண்ணே, அந்த ரெண்டு மடங்கு பேச்சு 2013ல ஜப்பான்காரங்க பிளாஸ் ஒன்ங்கற ஆய்விதழ்ல போட்ட ஆய்வுலேர்ந்து வந்திருக்கும். 3 கிலோ ஆயுங்கற ஜப்பான் மீன் விட்டாங்க, சாதா தண்ணியில 6.4 கிலோ ஆச்சு, நானோபபிள்ல 10.2. ஆனா அதே ஆய்வுல ரெயின்போ ட்ரவுட் மீன் 50 கிலோவிலேர்ந்து சாதா தண்ணியில 129.5, நானோபபிள்ல 148, அவ்ளோதான். இன்னொண்ணு, மீனுக்கும் கடுகு குடும்பத்து கீரைக்கும் அவங்க விட்டது சாதாரண காத்து, ஆக்சிஜன் நானோபபிள் தண்ணிய எலிக்குதான் குடிக்கக் குடுத்தாங்க. எலியும் கொஞ்சம் கூடுதலா வளந்துச்சு. தெலாப்பியா அதுல இல்லவே இல்ல.

பிஎம்_கீரைக்கட்டு:
உங்க பிரச்சன சூடு லா. 20 டிகிரியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் நிக்கும், 30ல ஏழரைதான், அந்த நேரம் பாத்து பித்தியம்ங்கற, வேர அழுக வைக்கற பூஞ்சை மாதிரியான கிருமி வேர புடிச்சிக்கும். முதல்ல தொட்டிக்கு நிழல் நெட் கட்டுங்க, வெயில் படாம மூடுங்க, வேர் கிட்ட ஏர்ஸ்டோன் (காத்துக் குமிழி விடற கல்லு) போடுங்க. நானோபபிள் மெஷின்ல பம்ப் ஓடிக்கிட்டே இருக்கும், சின்ன தொட்டின்னா அதுவே தண்ணிய இன்னும் சூடாக்கும். டிஓ மீட்டர் (தண்ணியில கரைஞ்ச ஆக்சிஜன அளக்கற கருவி) யார்கிட்டயாச்சும் இரவல் வாங்கி விடியறதுக்கு முன்னாடி மீன் தொட்டிய அளந்து பாருங்க, பாசி உள்ள தொட்டியில ஆக்சிஜன் ரொம்ப கொறையறது அப்பதான். நல்லா இருந்துச்சுன்னா அவ்ளோ காசு எதுக்கு?

பட்டர்வொர்த்_தோட்டம்:
நன்றிங்க, நெட் இந்த வாரமே கட்டிடறேன். ஆனா டெமோ காட்டறப்ப தண்ணி பால் மாதிரி வெள்ளையா வந்துச்சே, அது நானோபபிள்தானே?

செந்தூல்_பச்சை:
இல்லண்ணே, அது மைக்ரோபபிள், நானோபபிள விட பெரிய குமிழி, கொஞ்ச நேரத்துல மேல வந்து போயிடும். நானோபபிள் கண்ணுக்குத் தெரியாது, மேல ஏறாம தண்ணிக்குள்ளயே நாள்கணக்குல நிக்கும், தண்ணி தெளிவாத்தான் இருக்கும். மறுபடி போனீங்கன்னா டிஓ ரீடிங் காட்டச் சொல்லுங்க, மெஷின நிப்பாட்டி கொஞ்ச நேரம் கழிச்சும் அளக்கச் சொல்லுங்க.