டர்போவையே மாற்றணுமா?

பாளைக்காரன்:
1,30,000 கிலோமீட்டர் ஓடிய டீசல் கார். போன ஞாயிறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகும்போது காரையாறு ஏற்றத்தில் இழுவை சட்டென்று போய்விட்டது. எஞ்சின் விளக்கும் எரிந்தது. ஓரங்கட்டி, அணைத்துப் போட்டால் ஓடுகிறது. அடுத்த ஏற்றத்தில் பழைய கதை. ஸ்கேனரில் பி0299 என்ற கோளாறுக் குறியீடு. வொர்க்‌ஷாப்பில் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ போச்சு என்கிறார்கள்.

டவுன் ஸ்பேனர்:
சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குள்ளேயே உருட்டுகிற வண்டியில் டர்போ இறக்கைகளில் கரி ஏறிச் சிக்கிக்கொள்ளும். அணைத்துப் போட்டால் விடுபடும், மறுபடி சிக்கும்.

வள்ளியூர் டீசல்:
அண்ணாச்சி, அணைத்ததும் சரியாவது கம்ப்யூட்டர் லிம்ப் மோடை, அதாவது கோளாறு கண்டதும் இழுவையைக் குறைத்து ஓட்டுகிற நிலையை, விட்டு வெளியே வருவதால். வேக்கம் (வெற்றிட உறிஞ்சல்) போகிற ஹோஸ் குழாய் ஓட்டை என்றாலும் இதேதான் நடக்கும். கம்ப்யூட்டர் கேட்ட காற்றழுத்தம் டர்போவிலிருந்து வரவில்லை என்பதுதான் பி0299. எதனால் வரவில்லை என்று அது சொல்லாது. இறக்கைகளை அசைக்கிற ஆக்சுவேட்டருக்கு வேக்கம் போகாவிட்டால் அவை திறந்தே நிற்கும், பூஸ்ட் (டர்போ தருகிற அழுத்தம்) ஏறாது.

டவுன் ஸ்பேனர்:
ஹோஸை மட்டும் மாற்றி அனுப்பி, பத்தே நாளில் திரும்பி வந்த வண்டிகள் எத்தனையோ பார்த்தாச்சு தம்பி.

வள்ளியூர் டீசல்:
இறக்கை மூடின நிலையில் சிக்கினால் பூஸ்ட் எகிறி, அழுத்தம் மிஞ்சிவிட்டது என்கிற பி0234 விழணுமே? இங்கே விழவில்லை.

டவுன் ஸ்பேனர்:
திறந்த நிலையில் சிக்கினால்?

வள்ளியூர் டீசல்:
அது நியாயம். அதற்குத்தான் கை வேக்கம் பம்ப் இருக்கிறது. ஆக்சுவேட்டரில் மாட்டி அடித்தால் அதன் ராடு முழுசாக நகரணும், பம்ப் மீட்டரின் ஊசி இறங்காமல் நிற்கணும். பத்து நிமிஷ வேலைக்கு முன்னால் டர்போவைக் கழற்றுவானேன்?

பாளைக்காரன்:
அடித்துப் பார்த்தோம். ஊசி நின்றது. ராடும் கடைசிவரை போனது, ஆனால் நடுவில் ஒரு சின்னத் தயக்கம். அப்புறம் கங்கைகொண்டான் பக்கம் 3ஆம் கியரில் மிதித்தால், கேட்டது 220 கிலோபாஸ்கல், வந்தது 150. ஹோஸை விரலால் தடவிக்கொண்டே போனேன். பேட்டரித் தட்டுக்கு அடியில் உரசி உரசி, நகம் நுழைகிற அளவுக்கு ஒரு கீறல். வளைத்தால்தான் வாய் திறக்கிறது! இரண்டு அடி புது ஹோஸ் போட்டதும் 215 வருகிறது.

வள்ளியூர் டீசல்:
இப்ப சொல்லுங்க அண்ணாச்சி.

டவுன் ஸ்பேனர்:
ஹோஸ் ஓட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராடு நடுவில் தயங்கியது எதனாலாம்? கரி இல்லாமலா? பாளைக்காரரே, ஆள் ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை காரையாறு ஏறிவிட்டு வந்து எழுதும் வே.