முறிகண்டியில் தேங்காய் உடைக்க மறுத்த தம்பி: நல்லூருக்குக் கூப்பிடுவதா?

வெள்ளவத்தைக்காரன்:
அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு அம்மா, நான், தம்பி மூவரும் வான் பிடித்து யாழ்ப்பாணம் போனோம். தம்பி கிறிஸ்தவ சபைக்குப் போகத் தொடங்கி ஐந்து வருடம். புத்தளம் தாண்டி கருவலகஸ்வெவப் பக்கம் இரவு ஒரு மணிக்கு ரயர் வெடித்தது, மாற்று ரயரில் காற்றில்லை, யானை நடமாடும் இடம் வேறு. அம்மா உள்ளே முருகா முருகா என்று, தம்பி வெளியே ஜெபம். கடைசியில் ஒரு சிங்கள லொறிக்காரர் நிறுத்தி, காற்றடித்துத் தந்தார், காசும் வாங்கவில்லை. அவரை அனுப்பியது யார் என்று தொடங்கிய சண்டை முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வரை ஓயவில்லை. அங்கே இரண்டு பிள்ளைகளும் தேங்காய் உடைக்க வேண்டும் என்றார் அம்மா, தம்பி வானிலேயே இருந்துவிட்டான். இப்போது நல்லூர்க் கந்தன் தேருக்கு அவன் வந்தால் நான் வரமாட்டேன் என்கிறார் அம்மா. என்ன செய்வது?

ஏ9 சாரதி:
முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு வாகனத்துக்கு ஒரு தேங்காய் போதும் அண்ணை, ஆளுக்கொன்று யார் கேட்டது? நான் உடைக்கும்போது வானில் முஸ்லிம் ஆட்களும் இருப்பார்கள். அதைவிட, மாற்று ரயரைப் பார்க்காமல் 400 கிலோமீட்டர் வெளிக்கிட்ட சாரதியை முதலில் மாற்றுங்கள். காலை நாலு மணிக்குப் புறப்பட்டால் யானைப் பயமும் குறைவு.

கொட்டாஞ்சேனை மருமகள்:
நான் கத்தோலிக்கம், மாமி சைவம். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மாமிதான் என்னை இழுத்துக்கொண்டு போவார். ஆனால் சபைப் பிள்ளைகள் எங்கள் மெழுகுதிரியையே ஏற்பதில்லை, பிறகு தேங்காய் எப்படி? வற்புறுத்தாதீர்கள். அந்த இருட்டில் தம்பி அம்மாவை விட்டுவிட்டா போனார்?

வெள்ளவத்தைக்காரன்:
இல்லை அக்கா, லொறி வரும்வரை அம்மா இருந்த பக்கக் கதவடியில் டோர்ச்சோடு அவன்தான் நின்றான், நான் முன் சீட்டில் நடுங்கிக்கொண்டிருந்தேன். இன்னொன்று, நாங்கள் கோயிலுக்குள் நின்ற நேரம் இறங்கிப்போய்க் கச்சான் கடலை வாங்கி அம்மாவின் சீட்டில் வைத்திருக்கிறான். அம்மா கிளிநொச்சி வரை தொடவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றார், எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை. சரி, அவனுக்கும் சேர்த்தே வான் சொல்கிறேன்.