நெற்றியில் வந்த அக்கி

2019-இல் அம்மாவுக்கு இடுப்பில் அக்கி வந்தது. வலப்பக்கம் மட்டும், பட்டை கட்டினாற்போல் கொப்புளம். மறுநாளே டாக்டரிடம் காட்டி அசைக்ளோவிர் மாத்திரை வாங்கிவிட்டோம். இருந்தும் "காருகுறிச்சிக்குக் கூட்டிட்டுப் போய்யா, எழுதினா எறங்கிரும்" என்றாள். அக்கிக்குக் குயவர் கையால் காவியில் எழுதிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். எழுதினால் என்ன கெட்டுப்போகும் என்று நானே பைக்கில் கூட்டிப்போனேன்.

குயவர் தாத்தா அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்தார். சிரட்டையில் காவியைக் குழைத்து, கோழி இறகால் தொட்டுத் தொட்டு ஒரு சிங்கம் வரைந்தார். இறகு பட்டதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ராத்திரியெல்லாம் தூங்காத முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது. ஈரக் காவி காந்தலை அடக்குகிறது என்றாள். மூன்று நாள் எழுத்து. பதினைந்து நாளில் பொருக்கு உதிர்ந்துவிட்டது. "எழுதினதும் எறங்கிட்டு" என்று தெருவெல்லாம் சொன்னாள். மாத்திரையைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அத்தைக்கு நெற்றியில் வந்தது. எனக்குப் போன் வந்தது ஐந்தாம் நாள். போய்ப் பார்த்தால் இமை வீங்கிக் கண் மூடியிருக்கிறது, புருவம்வரை காய்ந்த காவி. "ஏன் அத்தை உடனே சொல்லல?" என்றேன். "உங்க அம்மைக்கு நீதானய்யா கூட்டிட்டுப் போன?" என்றாள்.

சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பு வேரில் வருஷக்கணக்காகப் படுத்திருந்து, உடம்பு தளரும்போது எழுந்து வருவதுதான் அக்கி. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே ஆறும். அதனால்தான் எழுதினவர் கைக்குப் பேர் வருகிறது. ஆனால் மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். நெற்றி நரம்பில் வந்தால் கண்ணையும் தொடும். அத்தைக்குக் கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது. பஸ் போர்டை இப்போது ஒற்றைக் கண்ணால்தான் படிக்கிறாள்.

காவி யாரையும் கெடுக்கவில்லை. நான் சும்மா இருந்ததுதான் கெடுத்தது. நம்பிக்கையைத் தடுக்க வேண்டாம், சரி. மாத்திரையும் சாப்பிட்டோம் என்று அம்மா பக்கத்தில் நின்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

*

பாளையங்கோட்டையில் நர்ஸாக இருக்கிறேன். மேலே எழுதியவருக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: மூக்கு நுனியில் ஒரே ஒரு கொப்புளம் இருந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போவது ஒரே நரம்பின் கிளை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் காவியோடு வந்த ஒரு ஆச்சியைச் சத்தம் போட்டேன். அப்புறம் அவர் வரவே இல்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை மனசு அடித்துக்கொள்கிறது. இப்போது காவியைப் பக்குவமாகத் துடைத்துவிட்டு, "எழுதினதை ஒண்ணும் சொல்லல ஆச்சி, இந்த மாத்திரையை மட்டும் வேளை தவறாமப் போடுங்க" என்கிறேன். போடுகிறார்கள்.

*

நன்றி அக்கா. போன மாசம் காருகுறிச்சி போய், முகத்தில் வந்தால் எழுதாதீர்கள் என்று அந்தத் தாத்தாவிடம் கேட்டுக்கொண்டேன். "நெத்திக்கு நான் எழுத மாட்டேன்யா, கண்ணு போயிரும்னு எங்க அப்பா சொல்லிருக்காவ. உங்க அத்தை எங்கிட்ட வரலியே" என்றார். அத்தைக்கு எழுதியவர் வேறு யாரோ.