பயோவேரைக் கெடுத்தது ஈஏவா, பயோவேரேதானா?

மதுரைவீரன்87
பயோவேரின் ஆன்லைன் கேமான ஆந்தத்தின் சர்வர்களை 2026 ஜனவரி 12-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள், காசு கொடுத்து வாங்கியவர்கூட இனி உள்ளே போக முடியாது. பால்டர்ஸ் கேட், மாஸ் எஃபெக்ட் எல்லாம் செய்த எட்மன்டன் ஸ்டுடியோவா இது என்று இருக்கிறது. 2007-இல் ஈஏ என்ற பெரிய கேம் நிறுவனத்தின் கைக்குப் போனார்களே, அதுதான் காரணம். டிராகன் ஏஜ் முதல் பாகத்தைப் பல வருடம் செதுக்கினார்கள், இரண்டாம் பாகத்துக்கு ஒன்றரை வருடம்கூடக் கிடைக்கவில்லை. அதில் எங்கே போனாலும் ஒரே குகைதான். சில வழிகளைக் கல் கதவு வைத்து அடைத்திருப்பார்கள், ஆனால் ஓரத்தில் இருக்கும் மேப்பில் அடைத்த பகுதியும் சேர்ந்தே தெரியும். அந்த மேப்பை மாற்றக்கூட நேரமில்லை.

கவின்_ஆர்பிஜி
குகை விஷயத்தில் மறுபேச்சு இல்லை. ஆனால் எல்லாப் பழியையும் ஈஏ தலையில் போடாதீர்கள் நண்பரே. மாஸ் எஃபெக்ட் 2 வந்தது 2010-இல், டிராகன் ஏஜ் மூன்றாம் பாகமான இன்க்விசிஷன் 2014-இல், இரண்டுமே ஈஏ காலம்தான். இன்க்விசிஷன் அந்த வருடம் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த கேம் விருதே வாங்கியது. ஆந்தமுக்கு ஆறு வருடத்துக்கு மேல் இருந்தது. பறப்பதைச் சேர்த்தார்கள், எடுத்தார்கள், திரும்பச் சேர்த்தார்கள். 'பியாண்ட்' என்று பெயர் வைத்து டிஷர்ட் வரை அடித்துவிட்டு, 2017 ஈ3 கேம் கண்காட்சிக்குச் சில நாள் முன்னால் பெயரை மாற்றினார்கள். உள்ளே முடிவெடுக்க ஆளில்லை என்றால் நேரம் கொடுத்து என்ன பயன்?

மதுரைவீரன்87
சரி, ஃப்ராஸ்ட்பைட்? பேட்டில்ஃபீல்டு என்ற சுடும் கேமுக்காக ஈஏவின் இன்னொரு ஸ்டுடியோவான டைஸ் செய்த எஞ்சின் அது, அதாவது கேம் கட்டும் மென்பொருள். பயோவேர் செய்யும் ஆர்பிஜி வகைக் கதை கேம்களுக்கு அடிப்படையான இன்வென்டரிகூட (பொருள்களைச் சேர்த்து வைக்கும் பை) அதில் கிடையாது, எல்லாவற்றையும் இவர்களே கட்ட வேண்டியிருந்தது.

கவின்_ஆர்பிஜி
அந்த எஞ்சினை எடுத்தது தங்கள் முடிவுதான் என்று அப்போது பயோவேர் தலைவராக இருந்த ஆரின் ஃபிளினே சொல்லியிருக்கிறார். திறமை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆந்தமில் பறக்கும்போது நம் கவச உடை சூடேறும், அப்படியே ஓர் அருவிக்குள் புகுந்து வெளியே வந்தால் ஆறிவிடும். அவ்வளவு அழகாக யோசித்தவர்கள், அதைச் சுற்றி ஒரு கேமைக் கட்டவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

சுடர்விழி
டிராகன் ஏஜ் நான்காம் பாகமான வெயில்கார்டை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். தனியாக விளையாடும் கதையாகத் தொடங்கி, ஆன்லைன் கேமாக மாற்றி, ஆந்தம் விழுந்த பிறகு திரும்பவும் பழைய வழிக்கே வந்தார்கள். 2024 அக்டோபரில் வெளிவந்து 15 லட்சம் பேர்தான் விளையாடினார்கள், எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பாதி என்று ஈஏவே சொன்னது. அதற்கு முந்தைய வருடமே பயோவேரில் சுமார் 50 பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். டிராகன் ஏஜில் வரும் வாரிக் என்ற கதாபாத்திரத்தை எழுதியவரும் அதில் ஒருவர். இரண்டாம் பாகத்தில் அத்தனை குறை இருந்தும் பலர் அதைக் கடைசி வரை விளையாடியதே வாரிக்குக்காகத்தான், நானும்தான்.

மதுரைவீரன்87
ஆந்தம் அவர்கள் தவறுதான், ஒத்துக்கொள்கிறேன் கவின். ஆனால் வெயில்கார்டை ஆன்லைனுக்கு இழுத்தது யார்? எல்லா கேமிலும் மாதாமாதம் வருமானம் வர வேண்டும் என்ற ஆசை எழுத்தாளர்களுக்கு வந்திருக்காது.

கவின்_ஆர்பிஜி
அதில் நான் உங்கள் பக்கம்தான். வாரிக்கை எழுதியவரை அனுப்பியது எனக்கும் ஆறவில்லை.