கலைச்சொல் தேவை: த்ராஷும் டெத்தும் கலந்த மெட்டல் ஆல்பம்

நாகர்கோவில், கல்லூரி மாணவி:
வணக்கம். எங்கள் கல்லூரி இதழுக்கு, பிரேசில் குழுவான செபுல்டுராவின் 'பினீத் த ரிமெய்ன்ஸ்' பற்றி எழுதுகிறேன். 1988 டிசம்பரில் ரியோ டி ஜெனீரோவில் பதிவாகி 1989இல் வந்த ஆல்பம். மெட்டல் என்ற கனத்த கிட்டார் ராக் இசையின் இரு வகைகளான த்ராஷ் மெட்டலும் டெத் மெட்டலும் அதில் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. 'த்ராஷ்-டெத்' என்று எழுதினால் தமிழ்த்துறையில் திருப்பி அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு நல்ல சொல் தாருங்கள்.

சுசீந்திரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
திருப்பி அனுப்புவது சரிதான் மகளே. மெய்யெழுத்து மொழிமுதல் ஆகாது. தொல்காப்பியம் கேட்ட ஆசான் நம் அதங்கோட்டுக்காரர் என்று பெருமை பேசும் மாவட்டத்தில் 'த்ராஷ்' என்று தொடங்கலாமா? ஆங்கிலத்தில் அந்தச் சொல்லும் கதிரடிக்கும் சொல்லும் ஒரே வேர். நாஞ்சில் நாட்டு வயலில் அதைச் சூடடிப்பு என்போம். வில்லுப்பாட்டை 'வில்லடி' என்கிறோமே, அந்த வழியில் 'சூடடியிசை' எனலாம். டெத் மெட்டலுக்குக் 'கூற்றிசை'. உடலையும் உயிரையும் கூறுபடுத்துவதால்தான் எமனுக்குக் கூற்று என்று பெயர்.

தக்கலை, மொழிபெயர்ப்பாளர்:
அண்ணாச்சி, கூற்று என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு நினைவு வருவது தேர்வில் வரும் 'கூற்று, காரணம்' கேள்விதான். அறுவடை எந்திரம் வந்த பிறகு சூடடிப்பைப் பார்த்தவர்களும் குறைவு. அதே பொருள் தரும் 'போரடி' என்று மாற்றினாலோ, பாட்டு போரடிக்கிறது என்றே படிப்பார்கள். மெட்டலையும் தொடாதீர்கள். ஹெவி மெட்டலை நேராகப் பெயர்த்தால் வரும் 'கன உலோகம்' என்பது வேதியியலில் ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் போய்விட்டது. 1985இல் பொசஸ்டு குழு முதல் ஆல்பத்திலேயே 'டெத் மெட்டல்' என்று ஒரு பாட்டு வைத்தது. இசைக்கிறவர்கள் வைத்த பெயர் அப்படியே இருக்கட்டும்.

சுசீந்திரம்:
இசைக்கிறவர்களே மொழிபெயர்த்துத்தானே பெயர் வைத்தார்கள்? மோட்டர்ஹெட் என்ற ஆங்கிலக் குழுவின் பாட்டு ஒன்றைப் போர்த்துகீசியத்தில் பெயர்க்கும்போது கிடைத்த சொல்தான் செபுல்டுரா, கல்லறை என்று பொருள். அவர்களுக்கு ஆகும், நமக்கு ஆகாதா?

மார்த்தாண்டம், கிட்டார் ஆசிரியர்:
கையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். த்ராஷில் வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கம் கம்பிகள்மேல் லேசாக அழுத்தி வைத்து, பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) கீழ்நோக்கியே அடித்துக்கொண்டு போக வேண்டும். ஓசை நீளாமல் 'ஜக் ஜக்' என்று அறுந்து அறுந்து விழும். அழுத்தம் கொஞ்சம் கூடினால் சுருதியே செத்துவிடும், குறைந்தால் இரைச்சல். டெத் மெட்டலில் பெரும்பாலும் கம்பியைத் தளர்த்திச் சுருதியை இறக்குவார்கள், பாடகர் தொண்டையின் அடியிலிருந்து உறுமுவார். இந்த ஆல்பத்தைப் பதிவு செய்ய வந்த ஸ்காட் பேர்ன்ஸ், புளோரிடாவில் டெத் மெட்டல் குழுக்களைப் பதிவு செய்த கை. கலவை ஒலியிலேயே கேட்கும்.

சுசீந்திரம்:
உறுமல்! உறுமி மேளம் தெரிந்த எவருக்கும் விளங்கும். கூற்றிசையை விட்டுவிடுகிறேன். த்ராஷுக்குத் தொல்காப்பியர் சொன்ன இருபது வண்ணங்களில், அதாவது செய்யுளின் ஓசை வகைகளில், ஒன்றான முடுகு வண்ணம் இருக்கிறது, அடி கடந்து ஓடும் ஓசை. சேர்த்தால் 'முடுகுறுமல் இசை'.

குளச்சல், ஆய்வு மாணவர்:
ஓசையை விட்டுப் பாடுபொருளைப் பாருங்கள். த்ராஷ் பாட்டில் போரும் அரசியலும் நிறைய, அது புறத்திணைகளில் போரைப் பாடும் தும்பை. டெத்தில் சாவு, அது 'மாற்றருங் கூற்றம்' பேசும் காஞ்சித்திணை, நிலையாமையைப் பாடுவது. 'தும்பைக்காஞ்சி' எனலாமே.

தக்கலை:
தம்பி, காஞ்சி என்றால் பட்டுச்சேலை என்றுதான் நினைப்பார்கள்.

மார்த்தாண்டம்:
முடுகில் ஒரு சிக்கல். ஸ்பீட் மெட்டல் என்று தனி வகையே உண்டு, முடுகு அதற்குத்தான் பொருந்தும். த்ராஷில் வேகத்தைச் சட்டென்று பாதியாக்கி அடிக்கும் இடங்கள்தான் உயிர். உறுமல் மட்டும் எனக்குச் சம்மதம்.

நாகர்கோவில்:
எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலானோர் மெட்டலை விடச் சொல்லவில்லை. அதனால் தலைப்பில் 'முடுகுறுமல் மெட்டல்', முதல் பத்தியில் 'திராஷும் டெத்தும் கலந்தது' என்று ஒரு வரி விளக்கம். இன்று இரவு அனுப்புகிறேன்.

சுசீந்திரம்:
போடு மகளே, நேரமில்லை. ஆனால் 'மெட்டல்' எனக்குச் சம்மதமில்லை என்பது பதிவாகட்டும். அதற்குத் தனி மடல் எழுதுகிறேன்.